இரண்டு பட்டியலிலும் இல்லாத காண்டா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் பேட்டையின் ஒலிபெருக்கி ஊர்வேலைக்கு ஆள் கூப்பிடும். ஆண்களைக் கூப்பிட்ட ஞாயிறுகளில் காண்டாவின் தலையில் செம்பருத்தி இருக்கும்; வாசலில் நாற்காலி போட்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பார். பெண்களைக் கூப்பிட்ட ஞாயிறுகளில் பூ இருக்காது. அண்ணனின் பழைய கால்சட்டையை மாட்டி, பனையோலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, கூரைமேல் ஏறி இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். ஏழு வயதிலிருந்து நான் பார்த்த காட்சி இது. அதற்கும் ஊர்வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டப்படிப்பு தேவைப்பட்டது.

காண்டாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் காண்டெலாரியோ. அந்தப் பெயரைச் சொன்னவர்கள் பாதிரியாரும் மின்கட்டணக்காரரும் மட்டும்தான். முஷே என்பதற்காக யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆணாகப் பிறந்து வேறாக வளர்ந்த முஷே ஒருவராவது எங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அண்ணன்மார் மூவரும் எல்லை தாண்டி வடக்கே சிகாகோவுக்குப் போனபின், அம்மா எபிஃபானியாவோடு தங்கியது காண்டாதான். காலையில் எங்கள் நகரமான ஹூச்சித்தானின் சந்தையில் காய்ந்த இறால் விற்பார். மதியத்துக்குமேல் வெல்வெட் மேலாடைகளில் பூ பின்னுவார். வேலைக்கு அஞ்சியவர் இல்லை. கூலியில்லாத வேலைக்கு மட்டும் அஞ்சினார்.

மாநிலத் தலைநகர் வாஹாக்காவில் படித்த கடைசி வருடம், ஆய்வேட்டுக்காக ஒரு கேள்வித்தாளோடு அவரிடம் போனேன். ஒருவர் முஷே ஆவது எதனால் என்பது கேள்வி. மூன்று கட்டங்கள்: பிறவி, வளர்ப்பு, சொந்தத் தேர்வு. ஒன்றில் அடையாளமிட வேண்டும். காண்டா இறாலின் தலையைக் கிள்ளியபடியே முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பிறவின்னு போட்டா ஊசியைத் தூக்கிட்டு டாக்டர் வருவான். வளர்ப்புன்னு போட்டா எங்கம்மாவத் திட்டுவாங்க. நானே தேர்ந்தெடுத்தேன்னு போட்டா, அப்போ மாத்திக்கோயேன்னு பாதிரியார் வந்து உக்காந்துடுவார். எதைப் போட்டா ஒருத்தனும் வீட்டுக்கு வரமாட்டானோ அதைப் போடும்மா, பட்டதாரி."

அப்படி ஒரு கட்டம் இல்லை என்றேன். பிறகு எதற்கு இத்தனை வருடம் படித்தாய் என்று கேட்டுவிட்டு அரைக் கிலோ இறாலை என் தலையில் கட்டினார்.

பட்டம் வாங்கி வந்ததும் ஊர்க்குழு என்னைச் செயலாளராக்கியது. வேறு வேலை கிடைக்காததால் நான் மறுக்கவில்லை. ஆண்களின் வேலை நாட்கள் தலைவர் சிரிலோவின் நோட்டில் இருந்தன. பெண்களின் நாட்கள் அவர்கள் தலைவி ஒப்தூலியாவின் நோட்டில். ஒன்று தச்சுப்பட்டறையில், மற்றது கோழிக்கூட்டுக்கு மேலே; முப்பது வருடமாக அவை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. நான் இரண்டையும் கணினியில் ஏற்றி ஒரே தாளாக அச்சிட்டேன். என் படிப்பு ஊருக்குப் பயன்பட்டது என்று இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் காண்டா குழுவுக்கு வந்தார். சோளமாவை வாழையிலையில் மடித்து வேகவைத்த தமால் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். மே மாதத் திருவிழா இரவை நடத்தும் முறையைத் தனக்குத் தர வேண்டும் என்றார். அம்மாவுக்கு எண்பது ஆகிறது, கண்ணில் புரை முற்றுகிறது. தன் பிள்ளை விருந்து நடத்தும் நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கிழவியின் ஒரே ஆசை. இந்த முறை தவறினால் அடுத்தது ஏழு வருடம் கழித்துத்தான். சிரிலோ உடனே தலையாட்டினார். விதிப்படி இருபத்தைந்து நாள் ஊர்வேலை செய்திருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே என் தாளைக் கையில் எடுத்தார்.

"காண்டா, ஆம்பளைங்க பக்கம் உன் பேரக் காணோமே."

"எப்படி இருக்கும் மாமா? என்னைப் பாத்தா ஆம்பளை மாதிரியா இருக்கு?"

ஒப்தூலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிடுங்கினார். "பொம்பளைங்க பக்கமும் இல்லடி."

காண்டா கூடையின் துணியைச் சரிசெய்தார். பிறகு, தமால் ஆறிவிடும், எல்லோரும் சாப்பிடுங்கள் என்றார். யாரும் கையை நீட்டவில்லை. சிரிலோ அவரைப் பெண்களின் கணக்கென்றும் ஒப்தூலியா ஆண்களின் கணக்கென்றும் இத்தனை காலம் நினைத்திருந்தார்கள். முப்பது வருடத்தில் காண்டா ஒரு கல்லையும் தூக்கவில்லை, ஒரு பானையையும் கழுவவில்லை.

எந்தப் பட்டியல் என்று முடிவாகாமல் அந்த இருபத்தைந்து நாள் கடனைக் கட்டச் சொல்ல முடியாது. கூட்டம் என் ஆய்வேட்டாக மாறியது. பிறந்தபோது தானே பார்த்ததாகவும், ஆண் பிள்ளைதான் என்றும் ஒப்தூலியா சாதித்தார். மூன்று வயதிலேயே அம்மாவின் பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தது தனக்கு நினைவிருக்கிறது என்றார் சிரிலோ. எபிஃபானியாவையே அழைத்து வந்தார்கள்.

"நான் சிப்பாய் வேணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றார் கிழவி. "வந்தது இது. சிப்பாயா இருந்தா இந்நேரம் சிகாகோல பாத்திரம் கழுவிட்டிருப்பான். எனக்குச் சோறு போடுறது யாரு?"

அது மூன்றில் எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

கடைசியில் பாதி பாதி செய்யலாமே என்று நான்தான் வாயைத் திறந்தேன். அப்படியென்றால் பன்னிரண்டரை நாள், அந்த அரை நாள் யாருக்கு என்று ஒப்தூலியா மடக்கினார். காண்டா எழுந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டுலயும் முழுசா எழுதுங்க. பாதின்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது."

ஐம்பது நாள். அப்போது ஜனவரி நடுப்பகுதி.

திருவிழாவுக்கு முந்தைய மாதங்களில் வார நாட்களிலும் ஊர்வேலை உண்டு; மறுநாளே ரப்பர் கையுறைக்குள் சிவப்பு நகங்களோடு கால்வாயில் இறங்கினார். முதல் வாரம் ஆண்கள் சிரித்தார்கள். இரண்டாவது வாரம், கால்வாய் கோணலாகப் போகிறது, இதைத் துணியில் தைத்திருந்தால் பிரித்து எறிந்திருப்பேன் என்று அவர்களைத் திட்டி, நூல் பிடித்து மறுபடி வெட்டவைத்தார். பெண்களின் சமையல் கொட்டகையிலோ நிலைமை மோசம். மாவு நைசாக இல்லை, அடுப்புக்கு இது விறகா என்று வந்த நாளே அதிகாரம் செய்தார். ஒப்தூலியா என்னிடம் வந்து, இந்தாளை முழுக்க ஆண்கள் பக்கமே தள்ளிவிடு என்றார். சிரிலோ அதற்கு முந்தைய நாள்தான், முழுக்கப் பெண்கள் பக்கம் தள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்தக் கால்வாய் மட்டும் இன்றுவரை அடைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் முடிவில் முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. எபிஃபானியாவின் ஒரு கண்ணைப் புரை மூடிவிட்டது. மீதியைத் திருவிழாவுக்குப் பின் செய்வதாக மாதாவின் படத்தில் கைவைத்து காண்டா சத்தியம் செய்தார். ஒரு வாக்கு வித்தியாசத்தில் குழு சம்மதித்தது. அந்த வாக்கு என்னுடையது.

விருந்து நடந்தது. ஆண்கள் தோளில் பீர் பெட்டியோடு வந்தார்கள், பெண்கள் பூவேலை மேலாடையில் வந்தார்கள். காண்டா கருப்பு வெல்வெட்டில், அம்மாவின் தங்கக்காசு மாலையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். எபிஃபானியா முன்வரிசையில் இருந்து ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம், "பீர் சூடா இருக்கு, போய்ச் சொல்லு" என்றார். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

அடுத்த மாதமே, ஜூனில், பள்ளிச் சுவர் வேலைக்கு ஆள் போதாமல் சிரிலோ என் வீட்டுக்கு வந்தார். காண்டாவின் பாக்கி எத்தனை நாள் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். அதில் ஆண்கள் பக்கம் எத்தனை என்றார். தாளைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து நாட்களை மொத்தமாக மட்டுமே கூட்டி வைத்திருந்தேன், எந்தப் பக்கம் என்று ஒரு நாளுக்கும் குறிக்கவில்லை. ஒப்தூலியா பத்தொன்பதும் அடுப்புக்குத்தான் என்றார், சிரிலோ சுவருக்குத்தான் என்றார். இரண்டு பேரும் காண்டாவின் வாசலுக்குப் போனார்கள். தாளோடு நானும் போனேன்.

காண்டா மிகுந்த மரியாதையோடு எழுந்து மூவருக்கும் நாற்காலி போட்டார். "நான் செய்ய மாட்டேன்னு சொல்லவே இல்லையே. எந்தப் பக்கம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, உடனே வரேன்."

அவர்கள் பேசத் தொடங்கி நான்கு வருடமாகிறது. பத்தொன்பது நாளும் அப்படியே இருக்கிறது.