மச்சான் மாற்றிக்கொடுத்த வெளிச்சம்

மெல்லிசைக் குழுவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் குள்ளம். பாட்டுக்காரர்கள் சுருதியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லும்போது 'அரைக்கட்டை ஏத்து' என்பார்கள் அல்லவா, அதையே எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அரைக்கட்டை என்று மேடையிலிருந்து கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? சின்தசைசருக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலி ஒன்றுதான் அவருடைய பிழைப்பு, மரியாதை, எல்லாம். பெண் கொடுத்தவர்களே அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

சின்தசைசர் அவர் குழுவில் சேர்ந்த வருஷம் வாங்கியது. அதன் பிறகு சந்தைக்கு எத்தனையோ வந்துவிட்டன. குழுவை நடத்துகிற மாஸ்டர் மாற்றவில்லை. காரணம், அதற்குள் அரைக்கட்டை உருவாக்கிச் சேர்த்துவைத்திருந்த சத்தங்கள். குறிப்பாக ஒரு புல்லாங்குழல். ஊதுவதற்கு முன்னால் வாசிப்பவன் மூச்சை இழுப்பானே, அந்த மெல்லிய இழுப்புகூட அதில் இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு செய்த சத்தம் அது.

கெட்ட காலம் கண் வழியாக வந்தது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரங்கள் மட்டும் தெரியும். யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போய்வந்தார். கண்ணாடி போட்டுச் சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வாசிப்பதற்கு அவருக்குக் கண் தேவையில்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு சத்தத்தை மாற்ற வேண்டும். சத்தத்தின் பெயர் உள்ளங்கை அகலத் திரையில்தான் வரும். அவர் அதைப் படிப்பதை விட்டுவிட்டு, எந்தப் பொத்தானை எத்தனை தட்டு தட்டினால் எது வரும் என்று விரலுக்கு மனப்பாடம் செய்துகொண்டார். யாராவது புதிதாக ஒன்றைக் கேட்டால், "திரை மங்கிப்போச்சு, ஒரு எழவும் தெரியல" என்று மெஷின் மேல் பழியைப் போடுவார்.

திரை உண்மையிலேயே மங்கித்தான் இருந்தது. அதன் பின்னால் ஒளிர்கிற தாள் ஒன்று உண்டு. வயதாகி வெளிச்சம் போய், கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அது சாகச் சாக அரைக்கட்டைக்கு நிம்மதி. கேட்கிறவர்களிடம் காட்ட அவரிடம் ஒரு கோளாறு இருந்தது.

புலம்பலை அளவோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. ஒரு நாள் ஒத்திகையில் மாஸ்டர் சீறினார்.

"தினம் இதே புலம்பலா இருக்கு. உன் மச்சான்தான் மெக்கானிக்காச்சே, கொடுத்து லைட்டை மாத்து. மில் முதலாளி நினைவுக் கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு அது ரெடியா இருக்கணும்."

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் வயிறு திறந்து கிடக்கும் கீபோர்டுகளுக்கு நடுவே வேலை செய்பவர். வாலிபத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே நாற்காலிக்காக மாஸ்டர் முன்னால் வாசித்துக் காட்டினார்கள். மாஸ்டர் குள்ளனைக் கைகாட்டினார். மச்சான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் மறந்துவிட்டார் என்று அரைக்கட்டை நினைத்துக்கொண்டார். சில பேருக்கு வயதாகும், விவரம் மட்டும் வராது.

மச்சான் மெஷினைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி முட்டைத் தட்டில் குழிக்குக் குழி பிரித்துப் போட்டார். பழைய தாளை உரித்தெடுத்தார். அதற்கு மின்சாரம் கொடுத்து ரீங்காரம் போட்ட சின்னப் பெட்டியின் ஒயரை வெட்டினார். எல்இடி பதித்த மெல்லிய தகடு ஒன்றை அளவாக நறுக்கி அந்த இடத்தில் செருகி, ஈயத்தால் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டார். வேலையில் அவரிடம் குறை சொல்ல முடியாது.

"எப்படி இருக்கு மாப்ள வெளிச்சம்?"

கறையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது போதும் அரைக்கட்டைக்கு.

"கண்ணு கூசுது மச்சான்!"

"எழுத்து?"

"அச்சடிச்ச மாதிரி இருக்கு."

மச்சான் மேஜைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் மெஷினுக்குள் குனிந்தார்.

"உள்ள மெமரிய காப்பாத்துற பேட்டரியும் கசிய ஆரம்பிச்சிடுச்சு. மாத்தணும். மாத்தினா நீ சேத்து வச்சதெல்லாம் அழிஞ்சிடும்."

"ஐயோ! பிளாப்பி டிஸ்குல காப்பி எடுத்து வைக்க முடியாதா?"

"பிளாப்பி போடுற இடம் செத்துப்போச்சு. கம்பெனி போட்டுக் கொடுத்த சத்தமெல்லாம் திரும்ப வந்துடும், கவலப்படாத. எங்கெங்க இருக்குன்னுதான் பாத்துக்கணும். பட்டப்பகல் மாதிரி லைட் போட்டிருக்கேன். படிச்சுப் பாத்து வாசி. அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. எதிரில் இருந்தது சொந்த மைத்துனர். கதவு சாத்தியிருந்தது. அரைக்கட்டை, "ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

மெஷின் அன்றைக்கே வரும் என்றார் மச்சான். வரவில்லை. நாளைக்கு என்றார். அதுவும் போயிற்று. கடைசியில் நினைவுக் கூட்டத்தன்று, அரங்கு நிரம்பிய பிறகு, அவரே தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார். இறந்தவருக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றிருந்த நேரம். ஒரு கட்டையைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. வைத்துவிட்டு மச்சான் இறங்கிப்போய் முன்வரிசையில் ஓர் இடம் பிடித்தார். அதுவரை அவர் இந்தக் குழுவின் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை.

கம்பெனி வரிசையில் புல்லாங்குழல் எங்கே இருந்தது என்று அரைக்கட்டை பழைய ஞாபகத்தைத் துழாவினார். விரல் தட்டித் தட்டி ஓரிடத்தில் நின்றது. மௌனம் முடிந்தது. மாஸ்டர் தலையசைத்தார். சோகப் பாட்டு, குழலில்தான் தொடங்க வேண்டும். அரைக்கட்டை கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டையை அழுத்தினார்.

ஹா ஹா ஹா ஹா என்று ஒரு ஆள் சிரித்தான்.

அடுத்த கட்டைக்குக் கை தானாகப் போய்விட்டது. இன்னும் உச்சஸ்தாயியில் சிரித்தான். முன்வரிசையில் முதலாளியின் மனைவி விதிர்விதிர்த்துப் போனார். அரைக்கட்டை பதறிப்போய்ப் பொத்தான்களைத் தட்டினார். டெலிபோன் மணி அடித்தது. மறுபடி தட்டினார். துப்பாக்கி வெடித்தது.

பாட்டுக்காரப் பெண் மைக்கைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, திரையில கன் ஷாட்னு போட்டிருக்குண்ணே! கொட்டை எழுத்துல எரியுதே, கண்ணு தெரியலையா?"

மைக் அதை அரங்கம் முழுவதற்கும் சொன்னது. எங்கோ பின்னால் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் எல்லோரும். அரைக்கட்டைக்குக் காது மட்டும் பாம்புக் காது. அத்தனை சிரிப்புக்கு நடுவில் முன்வரிசையிலிருந்து வந்த ஒரு சிரிப்பை அவர் பிரித்துக் கண்டுபிடித்தார்.

மறுநாள் படிக்கட்டு அறைக்குப் போய்க் கத்தினார். "தெரிஞ்சே பண்ணியிருக்க!"

மச்சான் கையில் பிடித்திருந்த வேலையை விடாமல் பதில் சொன்னார். "நான் என்ன பண்ணேன்? மாறிடும்னு சொன்னேனா இல்லையா? நீதான் பொய் சொன்ன. அன்னைக்கு அச்சடிச்ச மாதிரி இருக்குன்னியே, அப்ப அதுல எழுத்தே இல்ல மாப்ள. எழுத்து வர்ற திரைக் கண்ணாடிய கழட்டி மேஜை மேல வச்சிருந்தேன். வெறும் லைட்டு மட்டும்தான் எரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீயா சொல்றியான்னு பாத்தேன்."

மாஸ்டர் ஒரு வகையில் நல்லவர். திட்டவில்லை. கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலியான நாற்காலிக்கு மச்சானைக் கூப்பிட்டார். மெஷினின் நாடி நரம்பெல்லாம் தெரிந்த ஆள், திரையையும் படிப்பார். வேறு என்ன வேண்டும்?

விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"விடுங்க. வெளியாளுக்கா போச்சு? எங்க அண்ணனுக்குத்தானே."

மச்சானின் முதல் கச்சேரிக்கு அவள்தான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். வரமாட்டேன் என்றால் பொறாமை என்பாள். போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விளக்குகள் அணைந்தன. மேடை அவருக்குக் கறைக்குப் பின்னால் இருந்தது.

பாட்டு தொடங்கியது. முதலில் ஒரு மூச்சு இழுப்பு. பிறகு குழல்.

அரைக்கட்டை நாற்காலி நுனிக்கு வந்தார். அழிந்துவிடும் என்று மச்சான் சொன்ன அதே சத்தம். அவருடைய மழைக்காலம். பிளாப்பி செத்துப்போகவில்லை, மச்சான் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டுதான் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் பாட்டில் மூழ்கி, அவர் முழங்கை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? திரையில் எழுத்து இல்லாமலே எழுத்து தெரிகிறது என்று சொன்ன ஆள் அவர்.

சரணத்துக்கு முந்தைய இசையில் மச்சானின் விரல் சறுக்கியது. ஒரு சுரம் தவறு. அடுத்ததும் தவறு. பச்சையாக, காதைக் கிழிக்கிற மாதிரித் தவறு.

அரைக்கட்டை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். பக்கத்தில் மனைவியும் தட்டினாள்.