அன்பு எழுந்திருக்கும் விதம்

1. முதல் நாள்

கோலார் தங்க வயலில் ஒரு தொழிற்சாலையின் ஆம்புலன்ஸ் ரூமில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். வெட்டுக்காயம், தீக்காயம், கண்ணில் விழுந்த இரும்புத்தூள் இதெல்லாம்தான் என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஸ்போர்ட்ஸ் செக்ரெட்டரி வந்தார்.

"நாளைலேர்ந்து சாயங்காலம் கபடி டீமையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"சார், எனக்குக் கபடி தெரியாதே."

"கபடி அவங்களுக்குத் தெரியும். அடிபட்டா கட்டுப் போட உங்களுக்குத் தெரியும். அது போதும்."

கிரேப் பேண்டேஜ், ஸ்பிரே, ஐஸ் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு மறுநாள் கிரவுண்டுக்குப் போனேன். அன்று ஆள் எடுக்கும் ட்ரையல். ஊரிலேயே இருக்கும் கோரமண்டல் பகுதியிலிருந்து அன்பு என்பவர் வந்திருந்தார். வயது இருபத்தொன்று. ஆள் குட்டை. இவர் என்ன ஆடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மூச்சைப் பிடித்துக் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் ரெய்டு போனார். ஒருவர் கணுக்காலைப் பிடித்தார், இன்னொருவர் இடுப்பைக் கட்டினார், மூன்றாமவர் முதுகில் விழுந்தார். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டார். பாட்டு அறுபடவே இல்லை. பிடித்த மூன்று பேரும் அவுட். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ உடம்புகளுக்குக் கட்டுப் போட்டவன் நான். ஒரு உடம்பால் இவ்வளவு முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

2. பாடாத கபடி

அன்புவுக்கு எங்கள் தொழிற்சாலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. ஆனால் டெம்பரரி. பெரிய டோர்னமெண்டில் ஜெயித்துக் காட்டினால்தான் நிரந்தரம். அவருடைய அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். அப்படி மூடிவிட்டால் வீட்டில் ஐந்து பேருக்கும் அன்புவின் வேலைதான் கதி.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் கேபிள் டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஏதோ ஒரு சேனலில் அமெரிக்க ஃபுட்பால் போடுவார்கள். பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பதே அபூர்வம். தலையில் ஹெல்மெட், தோளில் தலையணை வைத்ததுபோல் ஏதோ ஒன்று. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அன்பு மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார்.

"இதுல இன்னா கீது, இப்பிடி பாக்கற?" என்று கேட்டேன்.

"அண்ணா, பந்த நெஞ்சோட அணைச்சிக்கினு ஓடறான் பாருங்க, ரன்னிங் பேக்காம். நம்ம ரெய்டர்தாண்ணா அவன். பாட்டு ஒண்ணுதான் பாடல."

அப்புறம் எனக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இன்னார் என்று பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்த ஓட்டக்காரரை இரண்டு வருஷம் விடாமல் பார்த்தோம். நாலு மலைகள் மேலே வந்து விழும். அடியிலிருந்து அவர் எழுந்து வருவார். அவர் எழுந்திருக்கும் விதத்தைத்தான் அன்பு பிடித்துக்கொண்டார்.

"கவனிச்சீங்களாண்ணா? அடி பட்டாலும் மெதுவா எழுந்துக்கறான், படலைனாலும் மெதுவா எழுந்துக்கறான். எந்த அடி வலிச்சிதுன்னு எதிராளிக்குத் தெரியவே தெரியாது."

அன்றிலிருந்து அன்புவும் அப்படியே. விழுந்தால் முதலில் உள்ளங்கையை ஊன்றுவார். பிறகு ஒரு முட்டி. பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு கிழவனைப் போல எழுந்திருப்பார். ஆரம்பத்தில் பதறிப்போய்ப் பெட்டியோடு ஓடுவேன். கிட்டே போனால் கண்ணடிப்பார். நாலைந்து முறை ஏமாந்தபின் ஓடுவதை விட்டுவிட்டேன். எதிர் டீம்கள் குழம்பித் தவித்தன. எந்தக் காலைப் பிடித்தால் இந்த மனிதர் விழுவார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

3. ஃபைனல்

அன்புவின் வேலையைத் தீர்மானிக்கப்போகும் பெரிய டோர்னமெண்டின் ஃபைனலுக்குப் பெங்களூர் டீம் வந்திருந்தது. ஆளுக்கு ஆறடி. செலக்‌ஷன் கமிட்டி ஆபீசர்கள் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து ஏறியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக கிரவுண்டுக்கே வந்துவிட்டார்கள். அன்புவின் அப்பாவும் அதில் இருந்தார்.

இரண்டாவது பாதியின் தொடக்கத்தில், நடுக்கோட்டை எட்டித் தொடும்போது அன்புவின் வலது முட்டிமேல் பக்கவாட்டில் ஒருவர் விழுந்தார். பாயிண்ட் கிடைத்துவிட்டது. அன்பு படுத்திருந்தார். உள்ளங்கை, முட்டி, மண்ணைத் தட்டுதல் என்று எல்லாம் வழக்கம்போல்தான் நடந்தது.

"போய்ப் பாருங்க, ஏதோ ஆயிருச்சு" என்றார் செக்ரெட்டரி.

"பயப்படாதீங்க சார். அது அவரோட டெக்னிக்" என்றேன். சொல்லிவிட்டு ஜோராகக் கை தட்டினேன். அன்பு ஒருதரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஏழு ரெய்டு போனார். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் இடது பக்கமாகவே திரும்பினார். புதிதாக ஏதோ தந்திரம் என்று நினைத்தேன். கடைசி ரெய்டில் இரண்டு ஆறடி ஆட்களைச் சுமந்துகொண்டு வந்து கோட்டின்மேல் விழுந்தார். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். கூட்டம் உள்ளே பாய்ந்தது.

இந்த முறை அன்பு எழுந்திருக்கவில்லை.

ஓடிப்போய் முட்டியில் கை வைத்தேன். வைத்த உடனே தெரிந்துவிட்டது. தொட்ட இடத்தில் பிடிப்பே இல்லை, அதுபாட்டுக்கு ஆடியது. வீக்கத்தைப் பார்த்தால் இருபது நிமிஷத்துக்கு முந்தைய அடி. இந்தக் காலை வைத்துக்கொண்டா ஏழு முறை போய் வந்தார்?

4. கேட்டதும் கிடைத்ததும்

உள்ளே லிகமெண்ட் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். முதல் அடியிலேயே வெளியே கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், பிறகு ஆடியதுதான் கெடுத்துவிட்டது என்றும் சொன்னார். அன்புவுக்கு வேலை நிரந்தரமானது, ஸ்டோர்ஸில். ரெய்டு அன்றோடு முடிந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது அந்தச் சம்பளம்தான் அவர்கள் வீட்டைக் காப்பாற்றியது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம்தான்.

ஃபைனல் முடிந்து ஒரு வருஷம்வரை ஒரு கேள்வியை அன்புவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் ஸ்டோர்ஸ் கவுண்டரில் பஞ்சுக்கட்டு வாங்கப் போனபோது கேட்டே விட்டேன்.

"அவ்ளோ அடி பட்டும் ஏன் அன்பு என்னைக் கூப்புடல?"

பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்.

"கூப்புடலாம்னுதாண்ணா உங்க பக்கம் பாத்தேன். நீங்க கை தட்டிக்கினு இருந்தீங்க. எதுனா ஆயிருந்தா அண்ணா ஓடியாந்திருப்பாரு, ஒண்ணியும் இல்லபோலக்கீதுன்னு நெனச்சிக்கினு ஆடிட்டேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கீழே விழுந்தவர் எழுந்து சிரித்தாலும் சரி, கண்ணடித்தாலும் சரி, உள்ளே போய் அடிபட்ட இடத்தில் கை வைத்துப் பாருங்கள். ரிட்டயர் ஆகும்வரை நான் அப்படித்தான் செய்தேன். ஆட்டத்தைக் கெடுக்கிறேன் என்று அம்பயர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.