இறங்காத தண்ணி

ஸ்டாக்டன் ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்டுற டேரல் ஹக்ஸ் மாதிரி பயந்த மனுஷன் கலிபோர்னியாவிலயே கிடையாது. டோஸ்டர்ல ரொட்டி துள்ளினாலே அந்த ஆளும் கூடத் துள்ளுவார். அப்பேர்ப்பட்டவர், இருபது வருஷச் சேமிப்பையும் போட்டு வீடு வாங்கக் கிளம்பினார்.

அது, சொந்தக்காரரால கடன் கட்ட முடியாமப் போன வீடு. வர்ற விலைக்குக் கொடுத்துடலாம்னு பேங்கே தலையாட்டிடுச்சு. ஆனா இருக்குற கோலத்துலயே எடுத்துக்கணும், அப்புறம் பேங்க் வாசல்ல உருண்டாலும் காசு திரும்பாது. அதான் விலை சொல்றதுக்கு முன்னாடி பாத்துடலாம்னு பொண்டாட்டி நோரீனோட போனார்.

வீட்டுக்காரர் கர்ட்டிஸ் இன்னும் உள்ளதான் இருந்தார். கதவளவு ஆளு. சோபாவைக்கூட வித்துட்டு ஐஸ் வைக்குற பிளாஸ்டிக் பெட்டி மேல உக்காந்திருந்தார். வீடு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. நோரீன் அதுக்குள்ள மனசுலயே திரைச்சீலை மாட்டிட்டா.

தண்ணிக் கனெக்‌ஷன் கட் ஆகியிருந்துச்சு. பக்கத்து வீட்டு ரப்பர் ஹோஸை வெளிக்குழாயில மாட்டினா வீடு முழுக்கத் தண்ணி வரும்னு டேரல் சொன்னார். கர்ட்டிஸ் அவசரமா எந்திரிச்சு, அதெல்லாம் எதுக்கு, குழாயெல்லாம் புதுசுன்னார். அந்த அவசரத்துலயே டேரல் ரெண்டடி பின்னால போயிட்டார். இருந்தாலும் மாட்டினார்.

சமையலறைத் தொட்டியில தண்ணி விழுந்துச்சு, இறங்கல. குளியல் தொட்டியிலயும் இறங்கல. குபுகுபுன்னு கறுப்பாத்தான் மேல ஏறுச்சு. டேரல் திரும்பிப் பாத்தா, வாசலை அடைச்சுக்கிட்டு கர்ட்டிஸ்.

"குழாய்க்குள்ள என்ன போட்டீங்க?" டேரல் குரல் எலி கத்துற மாதிரி வந்துச்சு.

"சிமெண்ட். கடனைக் குறைக்கச் சொன்ன என் மனுவை பேங்க்காரன் மூணு தடவை தூக்கிப் போட்டான். அவன் தலையில விடியட்டும்னு கரைச்சு ஊத்தினேன். அப்பல்லாம் இப்படி வித்துக் கடனைத் தீர்க்கலாம்னு யாரு கண்டா?"

"விடிய இருந்தது எங்க தலையிலய்யா," ன்னு சொன்னா நோரீன்.

குழாயெல்லாம் தரைக்கு அடியில. வீட்டுத் தரை பூரா உடைக்கணும். டேரல் குழாயை மூடினார். இந்த வீடு வேணாம்னு சொன்னார்.

"நீங்க போனா வீடு ஏலத்துக்குப் போயிடும். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, டேரல்."

டேரல் கர்ட்டிஸோட கைகளைப் பாத்தார். ஒரு அறை விட்டாப் போதும், மூணு பிறவிக்குத் தாங்கும்.

"அடுத்து வர்றவனுக்கும் பொண்டாட்டி இருப்பா. வீடு விக்குற ஏஜெண்ட்கிட்ட சொல்லத்தான் செய்வேன்."

கர்ட்டிஸ் மெதுவா விலகி வழிவிட்டார்.

டேரல் வண்டியில ஏறி எல்லாக் கதவையும் பூட்டினார். சாவியைத் தலைகீழாப் பிடிச்சுத் துவாரத்துல குத்திக்கிட்டே இருந்தார். கடைசியில நோரீன்தான் வாங்கிப் போட்டு வண்டியைக் கிளப்பினா. அன்னைக்கு மட்டும் அவ கேலி பண்ணல.