கரையை வெட்ட வந்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. இடம், திருவிடைமருதூருக்குத் தெற்கே ஓடும் ஒரு சின்ன ஆற்றின் கரை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் இப்போது எனக்கு வேண்டியவர்கள்.

நான் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு. கடைக்கு விடுமுறை என்றால் வீட்டில் என்னைப் பார்க்க முடியாது. அகலமான டயர் போட்ட ஒரு சைக்கிள் வைத்திருக்கிறேன். மண் பாதை, கப்பி ரோடு, வாய்க்கால் கரை எல்லாவற்றிலும் போகும். அதை வாங்கிய அன்று என் கணவர், "இந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கியிருக்கலாம், அது தானா ஓடும்" என்றார். நான் கண்டுகொள்ளவில்லை. தஞ்சாவூரிலிருந்து திருவிடைமருதூர் வரை தார் ரோட்டில் முடிந்தவரை ஏறாமல், கரை மேலேயே போக ஒரு வழி கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. நம் பக்கம் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. மேப்பில் பார்த்தால் உள்ளங்கை ரேகை போல வாய்க்கால்கள். எது எதில் சேரும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். போய்ப் பார்க்கிற ஆள் நான்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. அதற்கு முன் மூன்று நாள் விடாமல் கொட்டியதில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எனக்கு இடது பக்கம் ஆறு, வலது பக்கம் கீழே சம்பா வயல். பயிர் தூர் கட்டி, பச்சைப் பசேலென்று நின்றது. கரை மண்ணோ களிமண். டயரில் அப்பி, சக்கரமே சுற்ற மாட்டேன் என்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சைக்கிளில் ஏறிப் போயிருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டே இருக்க மாட்டேன்.

தண்ணீர்ச் சத்தம்தான். ஆனால் இடது பக்கத்திலிருந்து வர வேண்டியது வலது பக்கத்திலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். கரையின் அடியில், வயல் பக்கம், ஒரு நண்டு வளையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, காப்பி நிறத்தில் கலங்கல். கலங்கலாக வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையின் வாய் பெரிதானது.

சுற்றிலும் ஆள் இல்லை. யாரைக் கூப்பிடுவது? அந்த ஊரில் ஒருவரின் நம்பரும் என்னிடம் இல்லை. கணவருக்குப் போன் செய்தேன். "நீ மொதல்ல அந்த எடத்த விட்டுக் கெளம்பு" என்றார். அவர் கவலை அவருக்கு. கீழே அந்த வயல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போனது. அதற்கு அப்பால் தென்னை மரங்கள், ஓட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். நான் கிளம்பவில்லை.

ஆற்றுப் பக்கம் குனிந்து தேடினேன். தண்ணீருக்குள் ஒரு முழ ஆழத்தில் சின்னதாக ஒரு சுழி. அங்கேதான் தண்ணீர் உள்ளே நுழைகிறது. பக்கத்தில் கிடந்த கொம்பு ஒன்றை எடுத்து, கரையோரம் புல்லோடு மண்ணைப் பெயர்த்தேன். மழைக்கோட்டைக் கழற்றி, அந்த மண்ணை அதில் போட்டுக் கட்டி, குப்புறப் படுத்து, மூட்டையைச் சுழிக்குள் திணித்தேன். பிடித்துக்கொண்டது. ஆனால் கையை எடுத்தால் மூட்டையையே உள்ளே உறிஞ்சிக்கொண்டு போய்விடும்போல் இழுத்தது. ஆக, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, தோளைக் கொடுத்து அழுத்தியபடி படுத்துக் கிடந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆள் வந்தார்கள். நான் கத்தியதைக் கேட்டு இல்லை.

"டேய், கரைய வெட்டுறாண்டா! ஓடியாங்கடா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் பிறகுதான் தெரிந்தது. ஆறு முட்டிக்கொண்டு ஓடும் நாட்களில் இரண்டு கரையிலும் ஆட்கள் முறை வைத்துக் காவல் இருப்பார்களாம். எதிர்க்கரை உடைந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும், நம் கரை பிழைக்கும். அதனால் அக்கரைக்காரன் கண் அசந்த நேரத்தில் வந்து நம் கரையை வெட்டிவிடுவானோ என்று இவர்களுக்குப் பயம். இதே பயம் அவர்களுக்கும். அப்படிப்பட்ட நாளில், தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் சேறுமாக ஒரு ஆள் கொம்பால் கரையைத் தோண்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

மண்வெட்டியும் தடியுமாக ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் என் சைக்கிளைத் தூக்கி வயலில் வீசினார். இன்னொருவர் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரிடா! யார்ரா ஒன்ன அனுப்புனது?"

பயந்தேனா என்று கேட்டால், நன்றாகவே பயந்தேன். எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நான் யார், ஏன் வந்தேன் என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் எழுந்தால் மூட்டை போய்விடும். கீழே மண் அசைவது என் வயிற்றுக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. தலையைத் திருப்பாமலே கத்தினேன்.

"என்னை அப்புறம் அடிங்க! முதல்ல இங்க மண்ணைப் போடுங்க!"

குரலைக் கேட்டதும் காலரில் இருந்த பிடி விட்டது. "ஐயய்யோ, பொம்பளைடா" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர்களோடு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணும் வந்திருந்தார். அவர் மட்டும் என்னைப் பார்க்காமல் வயல் பக்கம் இறங்கிப் பார்த்துவிட்டு அலறினார்.

"அட பாவிங்களா, அந்தம்மாவ விடுங்க! கீழ ஓட்ட போவுது! கலங்கலா ஊத்துது!"

அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் ஆற்றில் குதித்து என் கைக்குப் பக்கத்தில் கையை வைத்தார். ஊரிலிருந்து டிராக்டரில் மணல் மூட்டையும் சவுக்குக் கழியும் வைக்கோலும் வந்தன. "கைய எடுங்கக்கா, நான் புடிச்சிக்கிட்டேன்" என்று தண்ணீரில் நின்றவர் சொன்னபோது எனக்கு விரல்களை விரிக்க முடியவில்லை. அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கழி அடித்து, வைக்கோல் திணித்து, மூட்டை அடுக்கி முடித்தபோது உச்சி வெயில் வந்துவிட்டது. வயல் பக்கம் ஒழுகியது நூலாகி, நின்றே போனது. கரை நின்றது. நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, பயமா, தெரியாது. கூச்சமில்லாமல் அழுதேன்.

சைக்கிளை வீசியவர்தான் வயலில் இறங்கி அதைத் தூக்கி வந்தார். வாய்க்காலில் வைத்துச் சக்கரம் சக்கரமாகக் கழுவினார். ஹேண்டில் கோணிப் போயிருந்தது. அதை நிமிர்த்தப் பார்த்து இன்னும் கோணலாக்கினார்.

"மன்னிச்சிக்கங்கக்கா. அக்கரை ஆளுன்னு நெனச்சிட்டோம்" என்றார். பிறகு சிரித்தபடி, "ஏங்க்கா, அக்கரையில ஓட்ட இருந்தாலும் இப்புடித்தான் படுத்துக்கிட்டு அடச்சிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"அடைச்சிருப்பேன். அப்ப அவங்க வந்து சட்டையைப் பிடிச்சிருப்பாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சாக்குப் போட்டிருந்த அந்தப் பெண் மட்டும் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே நான்கைந்து பேர் இவ்வளவு நேரமும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். "அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ ஊற்றினார்.

திருவிடைமருதூர் போகும் என் திட்டம் அன்றைக்கு அவ்வளவுதான். டிராக்டரில் சைக்கிளையும் என்னையும் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அதே கரையில் போய் வழியை முடித்தேன். திரும்பும்போது வேண்டுமென்றே எதிர்க்கரையில் வந்தேன். இன்று இரண்டு கரையிலும் எனக்கு ஆள் உண்டு, போனில் நம்பர் உண்டு. எந்தப் பக்கம் கசிவைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்துக்குக் கூப்பிட்டுச் சொல்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிற சைக்கிள் கூட்டத்தையும் அந்த வழியாகவே கூட்டிப் போகிறேன். பெண்கள்தான் அதிகம். மழைக்காலத்தில் போனால், கரையில் ஏறும் முன்பே ஊருக்குச் சொல்லிவிடுவேன்.

என்னை யாராவது தவறாக நினைத்துவிட்டால் உடனே ஓடிப்போய் விளக்கம் சொல்கிற ஆள் நான். கடையில், சொந்தக்காரர்களிடம், எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கரையில், நான் நல்லவள் என்று காட்டுவதற்காக எழுந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள், ஆனால் வயல் போயிருக்கும். இப்போதும் சில நேரம் காலரில் அந்தப் பிடியை உணர்வதுண்டு. அப்போதெல்லாம் பதில் சொல்வதை அப்புறம் வைத்துக்கொண்டு, கையில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.