ஒரே மூச்சில் மாமல்லபுரம்

எங்கள் அண்ணன் திருப்போரூர் பக்கத்துக் கிராமத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். பிறகு செங்கல்பட்டு - மாமல்லபுரம் தனியார் பேருந்தில் நடத்துநரானார். கடைசித் தங்கையான நான் ஆசிரியையாகும் வரை தமது திருமணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. கோபக்காரர்தான். ஆனால் ஏறுகிறவர் இரண்டு காலையும் உள்ளே வைக்காமல் விசில் ஊதமாட்டார்.

ஓய்வு பெற்ற பின் நுரையீரல் நோய் வந்தது. அலைச்சல் வேண்டாமென்று வீட்டிலிருந்தே கவனிக்க மருத்துவமனையில் ஏற்பாடு செய்தார்கள். தினமும் காலையில் அண்ணி அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, அளவைக் கைபேசியில் சொல்வார். கருங்குழியில் இருக்கும் நான் நோட்டில் எழுதிச் செவிலியருக்கு அனுப்புவேன். ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்பதையும் செவிலியர் கேட்டிருந்தார்.

"ஒண்ணு ரெண்டு சொல்ல நான் இன்னா இஸ்கூல் புள்ளயா?" என்ற அண்ணன், பேருந்து நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தார். "மேலமையூர், வல்லம், திருக்கழுக்குன்றம், கொத்திமங்கலம், பூஞ்சேரி, மாமல்லபுரம். எயுதிக்கினியா?"

செவிலியர் சிரித்து ஒப்புக்கொண்டார். நிறுத்தம் குறைந்தால் அன்றே சொல்லுங்கள் என்றார். முதலில் ஒரே மூச்சில் மாமல்லபுரம் போய், திரும்பி வல்லம் வரை வந்தார். சில மாதங்களில் போவது மட்டும்தான் முடிந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அண்ணா, நடுவுல மூச்சு வாங்கினியா?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரில மட்டும் போட்டுடாத."

எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. இருந்தும் மாமல்லபுரம் என்றே எழுதி அனுப்பினேன். நான்கு நாள் அப்படியே எழுதினேன். ஐந்தாம் நாள் வல்லம் தாண்டவில்லை. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அந்த நான்கு நாளுக்கு நான்தான் பொறுப்பு. இதைச் சொல்லாமல் இந்த முதலாண்டு நினைவு மலரை உங்கள் கையில் தர மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னபோது, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மேடம்" என்று மட்டும் கேட்ட செவிலியருக்கும், ஓடிவந்து தோள் கொடுத்த பேருந்து நண்பர்களுக்கும், இந்த ஓராண்டாக எங்களைத் தனியே விடாத உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அஸ்தி கரைக்க அவர் போய்வந்த சாலையிலேயே வேனில் சென்றோம். நோட்டு என் பையில் இருந்தது. பூஞ்சேரி தாண்டியதும், கலசத்தை மடியில் வைத்திருந்த அண்ணி என் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு அந்த மூச்சு எனக்கும் கேட்டுச்சும்மா. இப்ப எயுதிக்கோ. மாமல்லபுரம் வந்துட்டாரு."

எழுதினேன்.