என் சீட்டுக்கடியில் அசைந்த மூட்டை

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஏறிய ஒருவர் என் சீட்டுக்கடியில் ஒரு மூட்டையைத் தள்ளி, "பலாப்பழம்க்கா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனார். பக்கத்திலேயே இடமிருந்தும் ஏன் அங்கே போனார் என்று எனக்கு உறுத்தியது. சற்று நேரத்தில் மூட்டை அசைந்து என் காலை உரசியது. கண்டக்டரைக் கூப்பிட்டு, பலாப்பழ மூட்டை அசைகிறது என்றேன்.

"இன்னாம்மா, பழம் நகருதா?" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்தவர் முகம் மாறிவிட்டது. உள்ளே உடம்பெல்லாம் செதிலாக, பந்துபோல் சுருண்டுகிடந்தது ஓர் அழுங்கு.

"எறும்புத்தின்னிங்க. இத்த வச்சிக்கினு இருந்தா ஜெயிலுதான்."

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டு காலி. கொண்டைஊசி வளைவில் பஸ் மெதுவாகப் போனபோதே அந்த ஆள் இறங்கிவிட்டிருந்தார்.

அடிவாரச் சோதனைச்சாவடியில் வனக்காவலர் என்னைத்தான் முதலில் கேட்டார், "மூட்டை உங்களுதா?" கண்டக்டர் நடந்ததைச் சொன்னதால் தப்பித்தேன். அழுங்கை மலைக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

இப்போதெல்லாம் யார் மூட்டையை நீட்டினாலும், "உங்க மடியிலேயே வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.