வாசலுக்கு வைத்த வாட்டம்

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் சாலையில், ஒரு பெரிய வளைவை ஒட்டி எங்கள் வீடு. வானாய்வகத்தைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் மலையேறும் கார்கள் அந்த வளைவில் வேகம் குறைக்கும். என் அம்மா அதைக் கவனித்தார், கவனித்ததைத் தொழிலாக்கினார். வாசலில் ஒரு மேசையும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு, சாமை உப்புமாவும் காரச் சட்னியும் தேநீரும் விற்கத் தொடங்கினார். அதற்கு முன் பல ஆண்டுகள், விடிவதற்குள் வேனில் ஏறி மலையிறங்கி, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் குனிந்து கிடந்தவர் அவர்.

வெயில் காலம் முழுவதும் கடை நடந்தது. மழை தொடங்கியதும் வாசல் சேறானது. நாற்காலியின் கால்கள் புதைந்தன. தேங்கிய தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. காரின் கதவு திறக்கும், ஒரு கால் வெளியே நீளும், சேற்றைப் பார்த்ததும் உள்ளே போய்விடும்.

"பெரிய மழ வர்றதுக்குள்ள தரை போடலேன்னா கடைய மூடிட்டு கம்பெனிக்கே போய்ட்றேன். வேன்காரர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன், வர்ற திங்கக்கெழம வண்டி வரும்" என்றார் அம்மா. குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

தெரிந்த மேஸ்திரிகள் எல்லாரும் வாணியம்பாடியில் வேலையாக இருந்தார்கள். தீபாவளி கழியட்டும் என்றார்கள். அப்படியானால் நானே போடுகிறேன் என்று அறிவித்தேன். கல்லூரி மேடைகளில் எதிரணியை நிலைகுலைய வைத்துக் கேடயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். அன்று மாலை அடுப்படியில் நின்று, மனித குலம் முதலில் தன் கையால்தான் வீடு கட்டியது என்று தொடங்கி, ஒரு பெண்ணின் கைக்குக் கரண்டி என்றால் அது குழம்புக் கரண்டி மட்டும்தானா, கொத்தனார் கரண்டி ஆகாதா என்ற கேள்வியோடு முடித்தேன். அப்பா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"பேசி முட்ச்சிட்டியா? இப்ப கை தட்டணுமா, மணல் கொட்டணுமா?"

"மணல் கொட்டுங்கப்பா" என்றேன்.

ஆலங்காயத்தில் கடப்பா கல் விற்கும் பாய், என்னைத் தாண்டித் தன் கடை வாசலைப் பார்த்தார். "மேஸ்திரி எங்கம்மா?"

"நான்தாங்க பாய் மேஸ்திரி."

"மாஷா அல்லா" என்றார். "கல்லு ஒடஞ்சா வாபஸ் இல்ல, இப்பவே சொல்லிட்றேன்."

ஒன்று உடைந்தது. முதலில் குழைத்த கலவை கூழாக ஓடியது. அடுத்தது அவல்போல் உதிர்ந்தது. கைபேசியில் நான் பார்த்த காணொளிகளில் இதெல்லாம் நடப்பதே இல்லை. அங்கே மனிதர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து கல் பதிக்கிறார்கள், சட்டையும் வெள்ளையாகவே இருக்கிறது. என் உள்ளங்கைகளைச் சிமெண்ட் அரித்தது. ஆயினும் மூன்றாவது கலவை நான் சொன்னபடி கேட்டது. ஜல்லி பரப்பி இறுக்கிய தரையில் ஒவ்வொரு கல்லாக வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் நின்றது. எல்லாக் கற்களிலும் நின்றது. ஏற்றத்தாழ்வற்ற சமுதாயத்தைப் பற்றி நான் முழங்காத மேடை இல்லை. அப்படியொன்றைக் கையால் கட்டியது அன்றுதான்.

நிமிர்ந்து நின்றேன். பாத்திரம் கழுவிய தண்ணீரோடு அம்மா வெளியே வந்தார்.

"வாட்டம் வுட்டியாடி?"

"எனக்கு இன்னாம்மா வாட்டம்? நல்லாத்தான் கீறேன்."

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "உன் மூஞ்சில இல்ல பாப்பா, தரைல. தண்ணி ஓடறதுக்கு சரிவு வுட்டியான்னு கேக்குறா."

அம்மா வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் எங்கும் போகவில்லை. நான் நிறுவிய சமத்துவத்தின் மீது சற்று நேரம் நின்றது. பிறகு மெல்லப் பரவி நிலைப்படியைத் தொட்டது.

"சொன்ன மாதிரியே மட்டமாத்தான் போட்டிருக்கா" என்றார் அப்பா. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. "வுடு. கல்லு பாக்க அழகாத்தான் கீது" என்று உள்ளே போனார். கம்பெனிக்குக் கொண்டுபோகும் பழைய டிபன் பாக்ஸை அவர் பரணிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.

எந்த வாதத்திலும் தோற்ற பிறகு எனக்குத் தூக்கம் வராது. இதில் தோற்க எனக்கு அனுமதியே இல்லை. கலவை முழுதாக இறுகவில்லை. கடப்பாறையை எடுத்து முதல் கல்லை நெம்பினேன். அப்பா வந்து கல்லின் மறுமுனையைப் பிடித்தார்.

எவ்வளவு சரிவு வேண்டும்? காணொளிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லின. நானே கண்டுபிடித்தேன். ஒரு நீளப் பலகையின் வீட்டுப் பக்கத்து முனைக்கு அடியில் ஓட்டுச் சில்லுகளைச் செருகினேன். பலகையின் மீது தண்ணீர் தெளித்தேன். நிறைந்த தேநீர்த் தம்ளர் ஒன்றையும் வைத்தேன். தண்ணீர் ஓட வேண்டும், தேநீர் சிந்தக் கூடாது. சில்லுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் இரண்டும் நடந்த இடம் ஒன்று கிடைத்தது. அந்த நிலையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவிலிருந்து விலகி, வீட்டுப் பக்கத்துக் கோட்டைத் தொட்டு நின்றது. இனி ஒவ்வொரு கல்லும் அந்தக் குமிழியை அதே இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தின. வீட்டிலிருந்து சாலையோரக் கால்வாய்வரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றி, ஈரச் சாக்குகளால் மூடினேன். யாரும் மிதிக்காதபடி அப்பா குறுக்கே கயிறு கட்டினார்.

சனிக்கிழமை பிற்பகல் மழை கொட்டியது. வாசற்படியில் நின்று பார்த்தேன். எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டிருக்கிறேன்; கடப்பா கல் மீது விழுந்த மழை கால்வாயை நோக்கி ஒரே முகமாக நடந்ததற்கு அவை எதுவும் ஈடாகாது. மழை விட்டதும் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டோம். நிலைப்படி உலர்ந்திருந்தது.

அன்று வானம் மூடிக் கிடந்தது. நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள், ஏமாந்தவர்களுக்குப் பசித்தது. கார் கதவுகள் திறந்தன. வெளியே நீண்ட கால்கள் திரும்ப உள்ளே போகவில்லை. உப்புமா தீர்ந்து, அம்மா மறுபடி உலை வைத்தார்.

"யாருங்க போட்டது இந்தத் தரை? எங்க வூட்டு மாடில தண்ணி நிக்குது" என்று ஒருவர் கேட்டார்.

"எம்பொண்ணுதாங்க. இப்பதான் தொழிலுக்கு வந்திருக்கா, ரேட்டு தெரியாது" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நின்னு கேட்டுகினே இருக்காத, தம்ளரக் கழுவு" என்றார்.

திங்கட்கிழமை விடியலில் வேன் வந்து ஒலி எழுப்பியது. அம்மா கரண்டியோடு வெளியே போனார்.

"ஏறுக்கா, நேரமாச்சு" என்றார் ஓட்டுநர்.

"நான் வர்ல. கடை கீது."

"மழ காலத்துல இன்னா கட?"

"எறங்கி நின்னு பாரு."

ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது. அவர் இறங்கி வந்து கல்லின் மீது காலைத் தேய்த்துப் பார்த்தார். தலையாட்டினார்.

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "யக்கா, உன் மெஷின வேற யாருக்குனா குட்த்துடுவாங்க."

"குடுக்கட்டும். நீ இன்னா, உப்புமா கட்டவா?"

ஜன்னல் வழியே ஏழெட்டுக் கைகள் நீண்டன. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வேன் வளைவில் இறங்கி மறைந்தது. அவர் இடுப்பில் கைவைத்து வாசலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"மேல ஷீட்டு போட்டுட்டா மழை பெய்யும்போதே ஒக்காந்து சாப்டுவாங்க" என்றார். "அளக்கற டேப்ப எடுத்துகினு வா."